கருமணலும் கல்லீரலும்

மழைக்காலம் முடிந்த கையோடு மாமல்லபுரம் கடற்கரையில் நடந்து பாருங்கள். வெளுத்த மணலின் மேல் கறுப்புக் கோடுகள் பட்டை பட்டையாகக் கிடக்கும். தெற்கே சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் பக்கம் போனாலும் இதே காட்சிதான். சில இடங்களில் சிவப்பும் கலந்திருக்கும். அந்தச் சிவப்பு கார்னெட் என்னும் கனிமம். கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட். அந்தக் கறுப்புக்குள்ளேயே கொஞ்சமாக ஒளிந்திருப்பதுதான் நம் கதாநாயகன், மேக்னடைட். மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் சேர்ந்த கறுப்பு இரும்பு ஆக்சைடு அது.

கறுப்பு மட்டும் எப்படித் தனியாகப் பிரிந்து கோடு போட்டது? எடை செய்த வேலை. சாதாரண மணல் குவார்ட்ஸ். மேக்னடைட் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். கரையேறும் அலை இரண்டையும் அள்ளிக்கொண்டு வருகிறது. திரும்பும்போது வேகம் குறைந்துவிடுவதால் லேசான மணலை மட்டும் இழுத்துப் போகிறது. கனமானது அங்கேயே தங்கிவிடுகிறது. புயல் நேரத்தில் அலைகள் பெரிதாக அடித்தால் இந்தச் சலிப்பு இன்னும் ஜோராக நடக்கும். அதனால்தான் மழைக்காலத்துக்குப் பிறகு கறுப்பு அதிகம்.

இந்த மணல் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்துக் குன்றுகளில் பல, சார்னோக்கைட் என்னும் கருநீலச் சாயல் கொண்ட கடினமான பாறையால் ஆனவை. பல்லாவரத்துப் பாறையைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தவர் ஹாலண்ட் என்ற புவியியலாளர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை. அவர் பெயரே பாறைக்கும் வந்துவிட்டது. இந்தப் பாறையில் சிறு சிறு புள்ளிகளாக மேக்னடைட்டும் இல்மனைட்டும் உண்டு. வெயிலிலும் மழையிலும் லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடந்து பாறை உதிர, பாலாறும் சிற்றோடைகளும் அள்ளிவந்து கடலில் கொட்ட, கடல் சலித்துக் கரையில் போடுகிறது.

பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று வீட்டில் கிடைக்குமா பாருங்கள். அதை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டுங்கள். வெறுங்காந்தத்தில் ஒட்டிய மணலைப் பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அதற்குத்தான் பை. பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அலை எட்டாத இடத்தில், காய்ந்த கறுப்புக் கோட்டின் மேல் அதை மெதுவாக இழுங்கள். கறுப்புப் பொடி பையின் மேல் குத்திட்டு நிற்கும். உற்றுப் பாருங்கள்: காந்தத்தைத் தொட்டுக்கொண்டிருப்பவை கொஞ்சம்தான். மற்றவை ஒன்றின் தலையில் ஒன்று ஏறி, சங்கிலியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு துகளும் தானே ஒரு காந்தமாக மாறி அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது. இப்போது பையிலிருந்து காந்தத்தை எடுத்துவிட்டு, பொடியைக் காகிதத்தில் கொட்டி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். அப்போதும் சில துகள்கள் கட்டிப்பிடித்துக்கொண்டே கிடக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இந்த மேக்னடைட்டை மனித இரத்தக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? கடற்கரையில் அள்ளியதை அல்ல, ஆய்வுக்கூடத்தில் சுத்தமாகத் தயாரித்ததை. அதுவும் மிக மிகச் சிறிய துகளாக. உடலுக்குள் இருப்பதைக் கத்தி வைக்காமல் பார்க்க அது டாக்டர்களுக்கு உதவுகிறது.

முதலில் எம்ஆர்ஐ ஸ்கேன் எப்படிப் படம் எடுக்கிறது என்று பார்த்துவிடலாம். ஸ்கேன் எடுக்கப் போனால், தோடு, கொலுசு, கைக்கடிகாரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் காந்தம் அப்படிப்பட்டது. வழக்கமான எம்ஆர்ஐ காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லா. நம் ஊரில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப் புலத்தைவிட இது 30,000 மடங்குக்கும் மேல்.

நம் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் நடுவிலும் ஒரு புரோட்டான். 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் இந்தப் புரோட்டான்களின் காந்த முனை நொடிக்கு சுமார் 6 கோடியே 40 லட்சம் தடவை வட்டமடிக்கும். ஆனால் ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு நிலையில். ஸ்கேன் இயந்திரம் அதே வேகத்துக்குப் பொருந்திய ஒரு ரேடியோ அலையைச் சட்டென்று அனுப்பும். உடனே எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். அப்படிச் சேர்ந்து சுற்றும்போது அவை திருப்பி ஒரு ரேடியோ அலையை வெளியிடுகின்றன. அதைப் பிடித்துத்தான் கணினி படம் வரைகிறது.

கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் கோலைத் தட்டினால் சத்தம் தெரு முனை வரை கேட்கும். தாளம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகினால், அத்தனை பேரும் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள், ஆனால் அந்த 'டக்' என்ற பெருஞ்சத்தம் காணாமல் போய்விடும். புரோட்டான்களின் ஆட்டத்திலும் தாளம் பிசகத்தான் செய்யும். கொழுப்பில் ஒரு வேகத்தில் பிசகும், மூளையில் ஒரு வேகத்தில், கல்லீரலில் இன்னொரு வேகத்தில். இந்த வித்தியாசம்தான் படத்தில் வெளிச்சமாகவும் இருட்டாகவும் விழுகிறது.

இப்படிப் படம் எடுக்கலாம் என்று 1973-இல் முதலில் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பால் லாட்டர்பர். அவர் படம் பிடித்தது தண்ணீர் நிரப்பிய இரண்டு குழாய்களை. பிறகு உயிருள்ள ஒன்றைப் படமெடுக்க நினைத்தபோது, அவருடைய மகள் கடற்கரையில் பொறுக்கிவந்த ஒரு சின்னஞ்சிறு மட்டியைத்தான் எடுத்துக்கொண்டார். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானியுடன் சேர்ந்து 2003-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எம்ஆர்ஐயில் ஒரு சிக்கல் உண்டு. கல்லீரலில் சின்னதாக ஒரு புற்றுநோய்க் கட்டி இருக்கிறது என்று வையுங்கள். கட்டிக்குள் இருக்கும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கும் நல்ல கல்லீரலின் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் தாளம் பிசகினால்? இரண்டும் ஒரே சாம்பல் நிறம். கட்டி கண்ணுக்குத் தெரியாது. அப்போது இரண்டில் ஒன்றை மட்டும் நிறம் மாற்ற ஏதாவது வேண்டும். அதற்குப் போடுவதைத்தான் ஸ்கேன் சென்டரில் 'கான்ட்ராஸ்ட் ஊசி' என்கிறார்கள்.

மேக்னடைட் துகள் இங்கேதான் வருகிறது. ஸ்கேன் இயந்திரத்துக்குள் போனதும் அது ஒரு குட்டிக் காந்தமாகித் தன்னைச் சுற்றி ஒரு குட்டிப் புலத்தை உண்டாக்கும். பக்கத்துத் தண்ணீரின் புரோட்டான்கள் தப்புத் தாளம் கேட்டு உடனே சிதறிவிடும். ரேடியோ அலை அணைந்துபோகும். துகள் இருக்கும் இடம் படத்தில் கன்னங்கரேல் என்று விழும்.

சரி, கடற்கரைப் பொடியை அப்படியே அரைத்து ஊசியில் ஏற்றினால் ஆகாதா? ஆகவே ஆகாது. பையின் மேல் குத்திட்டு நின்ற சங்கிலியையும், காந்தத்தை எடுத்த பிறகும் கட்டிப்பிடித்துக் கிடந்த துகள்களையும் நினைத்துப் பாருங்கள். அப்படி இரத்தத்துக்குள் கட்டியானால் நுண்ணிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். உயிருக்கே ஆபத்து.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழியில் முதல் பாதி, அளவு. ஒரு மீட்டரை 100 கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் சிவப்பணுவின் அகலம் சுமார் 7,000 நானோமீட்டர். கான்ட்ராஸ்ட் ஊசிக்கான மேக்னடைட் துகள் 10 நானோமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் இருப்பது சுமார் 20,000 இரும்பு அணுக்கள், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள ஒரு கருமணல் துகளை எடுத்து இந்த அளவுக்கு உடைத்தால், ஒரே மணலிலிருந்து லட்சம் கோடி துகள் கிடைக்கும்.

இவ்வளவு சிறிதானதும் மேக்னடைட்டின் குணமே மாறிவிடுகிறது. உடல் சூட்டின் அதிர்விலேயே அதன் வடக்கு தெற்கு நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை புரண்டுகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது காந்தமே இல்லை. பெரிய காந்தத்துக்குள் கொண்டுபோனால் சட்டென்று ஒரே திசையில் நிற்கும். வெளியே எடுத்தால் அந்தக் கணமே மறந்துவிடும். சூப்பர் பாராகாந்தம் என்று இதற்குப் பெயர். வேண்டும்போது காந்தம், வேண்டாதபோது வெறும் தூசு.

தூசுகூட ஒன்றோடு ஒன்று ஒட்டும். அதனால் மறுபாதி, மேற்பூச்சு. உண்மையில் இந்தப் பாதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. படத்தில் இருட்டைத் தருவது இரும்பு. ஆனால் அந்த இருட்டு உடம்பில் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வது மேலே பூசிய பாலிமர்.

பாலிமர் என்றால் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கோத்த நீண்ட சங்கிலி. இந்த வேலைக்கு அதிகம் பயன்பட்டது டெக்ஸ்ட்ரான். பெயர்தான் புதிது. ஆள் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் பழக்கமானவர். படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது அல்லவா? வெட்டிய கரும்பை உடனே ஆலைக்கு அனுப்பாமல் வெயிலில் போட்டுவைத்தால், வெட்டு வாயில் ஒரு பாக்டீரியா குடியேறிவிடும். அது கரும்புச் சர்க்கரையைப் பிரித்து, குளுக்கோஸை மட்டும் கோத்துக் கோத்துக் கொழகொழவென்று ஒரு பசையை உண்டாக்கும். அதுதான் டெக்ஸ்ட்ரான். சாறு வழுவழுப்பாகிவிட்டால் சர்க்கரை ஒழுங்காகப் படியாது. சர்க்கரை ஆலைக்காரர்கள் எங்கும் வேண்டாத விருந்தாளியாகப் பார்க்கும் பொருள் இது. அந்த பாக்டீரியாவின் பெயர் லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவைக் காலையில் பொங்க வைப்பதிலும் பெரும்பங்கு இதே இனத்துக்குத்தான்!

ஆலைக்குத் தொல்லை தருவது மருத்துவத்துக்கு எப்படி வந்தது? 1940-களில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் டெக்ஸ்ட்ரானைச் சுத்தப்படுத்தி, இரத்தம் நிறைய இழந்தவர்களுக்கு இரத்தக் குழாய் வழியாக ஏற்றலாம் என்று கண்டுபிடித்தார்கள். அதனால் இரத்தத்துக்குள் அது எப்படி நடந்துகொள்ளும் என்று டாக்டர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரும்புத் துகளுக்குப் பூச்சு தேடியபோது கை அதன் மேல் போனதில் ஆச்சரியமில்லை.

தயாரிப்பு கேட்க எளிது. இரண்டு வகை இரும்பு உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் டெக்ஸ்ட்ரான் கலந்த நீரில் கரைத்து, அம்மோனியா சேர்ப்பார்கள். காவி நிறக் கரைசல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். மேக்னடைட் பிறந்துவிட்டது! பிறக்கும்போதே டெக்ஸ்ட்ரான் சங்கிலிகள் சுற்றிக்கொள்வதால் துகள்கள் ஒன்றையொன்று நெருங்க முடியாமல் தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். அம்மோனியா கண்ணையும் மூச்சுக் குழாயையும் பதம் பார்க்கும், ஆகவே இது வீட்டில் செய்து பார்க்கும் சோதனை இல்லை.

இனி ஊசி போட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் கல்லீரலில் கப்ஃபர் செல்கள் என்ற காவல்காரச் செல்கள் இருக்கின்றன. இரத்தத்தில் வரும் கிருமி, கழிவு, அந்நியத் துகள் எதையும் விழுங்குவது அவற்றின் வேலை. பூச்சோடு சேர்த்து 100 நானோமீட்டருக்கு மேலே இருக்கும் துகள்களை அவை சீக்கிரமே விழுங்கிவிடும். விழுங்கியதும் நல்ல கல்லீரல் முழுவதும் படத்தில் கறுத்துவிடும். ஆனால் புற்றுநோய்க் கட்டிக்குள் பெரும்பாலும் கப்ஃபர் செல்கள் இருப்பதில்லை. அங்கே விழுங்க ஆளில்லை. அதனால் கறுத்த கல்லீரலின் நடுவே கட்டி மட்டும் வெளுப்பாகத் தெரியும். ஒன்று கவனித்தீர்களா? மருந்து நோயைத் தேடிப் போகவே இல்லை. நல்ல செல்களிடம் போய் அவற்றை இருட்டாக்கியது, நோய் தானாகவே வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டது.

டெக்ஸ்ட்ரான் பூசிய இப்படிப்பட்ட மருந்து, ஃபெரிடெக்ஸ் என்ற பெயரில், 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பூச்சையும் அளவையும் மாற்றினால் போகும் இடமும் மாறும். மொத்தமாக 30 நானோமீட்டர் அளவில், டெக்ஸ்ட்ரானால் நன்றாக மூடிய துகளைக் கல்லீரல் உடனே பிடித்துவிடாது. அது இரத்தத்தில் மணிக்கணக்கில் சுற்றி, மெல்லக் கசிந்து, கழுத்திலும் அக்குளிலும் வயிற்றிலும் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேரும். புற்றுநோய் பரவும்போது முதலில் எட்டிப்பார்க்கும் இடங்களில் இந்தக் கணுக்களும் உண்டு. அமெரிக்காவில் முகேஷ் ஹரிசிங்கானியும் நெதர்லாந்தின் யெல்லே பாரன்ட்சும் சக ஆராய்ச்சியாளர்களோடு 80 நோயாளிகளைப் பரிசோதித்து 2003-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நோய் புகுந்த கணுக்களில் வெறும் எம்ஆர்ஐ சரியாகக் கண்டுபிடித்தது நூற்றுக்கு 35 என்றால், இந்தத் துகள் போட்ட எம்ஆர்ஐ கண்டுபிடித்தது நூற்றுக்கு 90. நல்ல கணு கறுத்தது, நோய்க் கணு வெளுப்பாகவே நின்றது. கல்லீரலில் நடந்த அதே வித்தைதான்.

வேலை முடிந்த துகள் என்ன ஆகும்? காவல்காரச் செல்கள் பூச்சை உரித்து, மேக்னடைட்டைக் கரைத்து, இரும்பை உடலின் சேமிப்பில் சேர்த்துவிடும். கொஞ்ச நாளில் அது புது இரத்தச் சிவப்பணுவில் போய் உட்காரும். நம் உடலில் எப்போதும் 3 முதல் 4 கிராம் இரும்பு இருப்பதால் இந்த வேலை அதற்குப் புதிதில்லை. இந்தக் குணத்தாலேயே ஃபெருமாக்சிடால் என்ற பூச்சுத் துகள், 2009-இல் இரத்தசோகைக்கான இரும்பு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குத்தான் முதலில் அதைக் கொடுத்தார்கள். அதே மருந்தை ஸ்கேனுக்கும் பயன்படுத்தலாம் என்று டாக்டர்கள் பிறகு கண்டுகொண்டார்கள்.

எல்லாமே வெற்றிக் கதை என்று சொல்லிவிட முடியாது. இன்று பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் கான்ட்ராஸ்ட் ஊசி என்றால் அது கடோலினியம் என்ற உலோகத்தின் சேர்மம். 1988-இலேயே வந்துவிட்ட அது, படத்தை இருட்டாக்காமல் பளிச்சென்று வெளிச்சமாக்கும். டாக்டர்களின் கண்ணுக்கு அதுதான் வசதி. ஊசி போட்ட கையோடு படமும் எடுத்துவிடலாம். போட்டியில் ஃபெரிடெக்ஸ் தாக்குப்பிடிக்காமல் விற்பனையிலிருந்தே போய்விட்டது. ஆனால் 2006 வாக்கில் சிறுநீரகம் செயலிழந்த சிலருக்குக் கடோலினியத்தால் தோல் இறுகும் ஒரு கொடிய நோய் வருவது தெரிந்தது. அதன்பின் அத்தகையவர்களுக்காக இரும்பின் பக்கம் மறுபடி கவனம் திரும்பியிருக்கிறது. இரும்பு மருந்திலும் சிலருக்கு ஒவ்வாமை கடுமையாக வரலாம் என்பதால் ஃபெருமாக்சிடாலை மெதுவாக, பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொண்டுதான் ஏற்ற வேண்டும்.

நம் கடற்கரைக்கே திரும்பி வருவோம். கல்பாக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அணு உலைகளுக்குப் பெயர்போனது. அங்கே காந்த நானோ திரவங்களையும் ஆராய்கிறார்கள். இரும்புத் துகள்கள் அடங்கிய எண்ணெய்த் துளிகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, காந்தப் புலம் மாறினால் திரவத்தின் நிறமே மாறும்படி செய்திருக்கிறார்கள். இரும்புத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அந்த இடத்தில் காந்தப் புலம் கசியும். மேலே இந்தத் திரவத்தை வைத்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். மனித உடலுக்குள் கட்டியைத் தேடுவதும் தகட்டுக்குள் விரிசலைத் தேடுவதும் இவ்வளவு நெருங்கிய உறவா என்று தோன்றுகிறது, இல்லையா?

அந்த மையத்தில் நடக்கும் இன்னொரு ஆராய்ச்சி, சூடு. காந்தப் புலத்தை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை முன்னும் பின்னும் மாற்றினால், அதற்குள் இருக்கும் மேக்னடைட் நானோ துகள்கள் சூடேறும். புற்றுநோய்க் கட்டிக்குள் துகள்களைச் செலுத்தி, 42, 43 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், கட்டியின் செல்கள் தளர்ந்து சாகத் தொடங்கும். ஜெர்மனியில் மூளைக் கட்டிகளுக்கு இந்தச் சிகிச்சையைச் செய்திருக்கிறார்கள். அங்கே மண்டை ஓட்டில் துளையிட்டு, துகள்களை நேராகக் கட்டிக்குள்ளேயே செலுத்தினார்கள். கையில் ஊசி போட்டாலே கட்டியைத் தேடிப் போய்ச் சேரும்படி ஒரு பூச்சு இன்னும் அமையவில்லை. இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசன் உட்பட எத்தனையோ பாலிமர்களை இதற்காகப் பூசிப் பூசிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லீரல் காவல்காரர்களின் கண்ணில் படாமல் அவ்வளவு தூரம் போவது லேசில்லை.